டூல்பாரில் எழுதி வைத்த புகார்கள்

கேட் (CAD), அதாவது கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளில் வேலை செய்கிறவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். மெனு, டூல்பார், ஷார்ட்கட் எல்லாவற்றையும் தன் கைக்குத் தோதாக மாற்றிக்கொண்டால்தான் வேலையே ஓடும் என்பவர்கள் ஒரு கட்சி. நிறுவியபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவை, நாளைக்கு வேறு கணினியில் உட்கார நேர்ந்தால் திண்டாட மாட்டாய் என்பவர்கள் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள்: எம் தட்டினால் பொருளை நகர்த்தும் மூவ் கமாண்ட் வராது, வேறென்னவோ வரும். இரண்டாவது கட்சிக்காரரின் பின்னால் நின்று பாருங்கள்: அதே லேயரை, அதாவது கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கை, பட்டியலில் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருப்பார், பார்க்கிற நமக்குக் கை துறுதுறுக்கும். இந்தச் சண்டையில் நான் பெரும்பாலும் முதல் கட்சியோடு நின்றவன். ஆனால் மற்றவர்கள் சொல்லும் ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒழுங்கான பதில் என்னிடம் இருந்ததில்லை. "பட்டனை அழுத்தத்தான் தெரிகிறது, அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை" என்பார்கள். அது பலரிடம் உண்மை. இந்தக் கேள்வி வெகுநாள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு கட்சியும் மாற்றலாமா கூடாதா என்றே பேசுகின்றன. எது பட்டன் ஆக வேண்டும், எது ஆகக் கூடாது என்று யாரும் பேசுவதில்லை. புதிதாக ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருள் பழகுகிறவர் டூல்பாரைத் தன் இஷ்டத்துக்கு அமைக்கலாம் என்று தெரிந்துகொண்ட வாரத்தில் என்ன செய்வார் என்று நமக்கெல்லாம் தெரியும். டைமென்ஷன், மாடிஃபை, டிரா ஆர்டர், இன்குயரி என்று இருக்கிற டூல்பாரையெல்லாம் திறந்து, வரையும் இடத்தின் நான்கு ஓரத்திலும் ஒட்டிவைப்பார். நடுவில் மிஞ்சுவது ஒரு ஜன்னல் அளவு. அதில் கோடு போடப் பட்டன், வட்டம் போடப் பட்டன், அழிக்கப் பட்டன். ஒவ்வொரு கோட்டுக்கும் மவுஸ் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். ஒரு இலக்கைத் தொட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் சோதனை செய்தே காட்டிவிட்டார். பதினாறுக்குப் பதினாறு பிக்ஸல் பட்டன், திரையின் கோடியில்: தூரம் அதிகம், இலக்கு சிறிது. இதைவிட மெதுவான வழியை வேண்டுமென்றே தேடினாலும் கிடைக்காது.

ஐகான் விஷயம் தனி. நாமே பிக்ஸல் பிக்ஸலாக வரைந்து வைக்கும் ஐகான்கள் ஒரு மாதம் கழித்து நமக்கே அடையாளம் தெரியாது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது படக் கோப்பு வழி தவறிவிட்டால் எல்லாப் பட்டன்களின் முகத்திலும் ஒரே கேள்விக்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைப் பார்க்காத கேட் ஆள் யாரும் இருக்க முடியாது.

இடது கையின் வேலை

தனித்தனிக் கமாண்டுகளுக்குப் பட்டன் தேவையில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இடது கை. வலது கை மவுஸில் இருக்கிறது. இடது கை சும்மாதான் இருக்கிறது. அது இரண்டெழுத்தைத் தட்டி, கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அமுக்கினால் கமாண்ட் ஓடத் தொடங்கிவிடும். கண் திரையை விட்டு நகர வேண்டியதில்லை, கர்சரும் வேலை நடக்கும் இடத்திலேயே நிற்கும். இது ஆட்டோகேட் கண்டுபிடித்ததும் அல்ல. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேடில், ஒரு கையில் ஒளிப்பேனா, மற்றக் கைக்குப் பட்டன் பெட்டி. ஒரு கை இடத்தைக் காட்டும், இன்னொரு கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். இந்தத் துறை பிறந்தபோதே வேலைப் பங்கீடு முடிந்துவிட்டது. இடையில் வந்த டூல்பார்தான் இரண்டு வேலையையும் வலது கையின் தலையில் கட்டியது.

ஆனால் ஆட்டோகேட் தரும் சுருக்கெழுத்துகள் இடது கைக்காக யோசித்து வைத்தவை அல்ல. மூவுக்கு எம், ஆஃப்செட்டுக்கு ஓ, லைனுக்கு எல், பாலிலைனுக்கு பி.எல். எல்லாம் விசைப்பலகையின் வலப்பாதி. அதனால்தான் பழகிய கைகள் முதலில் தேடிப் போவது சுருக்கெழுத்துகளை எழுதி வைத்திருக்கும் பி.ஜி.பி. கோப்பை. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு அது. எழுத்து, ஒரு காற்புள்ளி, ஒரு நட்சத்திரக்குறி, கமாண்டின் முழுப் பெயர். அவ்வளவுதான் இலக்கணம். சேமித்துவிட்டு ரீஇனிட் கமாண்ட் கொடுத்தால் போதும், மென்பொருளை மூடித் திறக்க வேண்டாம். ஒரே சுருக்கெழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும், ஆகவே மேலே இருப்பதைத் தொடாமல் நம்முடையதைக் கோப்பின் அடியில் எழுதிக்கொள்வது நல்லது. டபிள்யூ இயல்பில் டபிள்யூபிளாக்குக்குப் போகும். எப்போதாவது தேவைப்படும் அந்தக் கமாண்டுக்கு இவ்வளவு வசதியான விசை எதற்கு? மூவைக் கொண்டுவந்து அங்கே வைத்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கும் அது பிடிக்கும்.

இங்கேதான் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். "டபிள்யூவை மூவ் ஆக்கிவிட்டு, வேறொருவர் கணினியில் போய் டபிள்யூ தட்டினால்?" தட்டினால் டபிள்யூபிளாக் பெட்டி திறக்கும், எஸ்கேப் அமுக்குவீர்கள், எம் தட்டுவீர்கள். உலகம் இடிந்துவிடாது. கையின் பழக்கம் பத்து நிமிடத்தில் இடம் மாறிக்கொள்ளும். பி.ஜி.பி. கோப்போ ஒரு மின்னஞ்சலில் அடங்கிவிடும். சுருக்கெழுத்தை மாற்றுவதால் வரும் நஷ்டத்தை ஊதிப் பெரிதாக்குகிறோம் என்பது என் எண்ணம். உண்மையான சிக்கல் பட்டனில்தான் இருக்கிறது. பல கமாண்டுகளைக் கோத்து ஒரே பட்டனுக்குள் அடைத்துவிடும்போது, அதைச் செய்தவர் எடுத்த முடிவுகள் அத்தனையும் அந்தப் பட்டனுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன.

அவர் விட்டுப்போன கோப்பு

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'சார்'தான். டிஜிட்டைசர் பலகை காலத்து ஆள். பலகை மேல் ஒரு பெரிய அச்சுத்தாள், அதில் கமாண்டுகள் கட்டம் கட்டமாக இருக்கும், பக் என்ற கருவியால் கட்டத்தைத் தொட்டால் கமாண்ட் ஓடும். அந்தத் தாளின் மேல்பகுதியில் இருபத்தைந்து நிரல், ஒன்பது வரிசை என்று 225 கட்டங்கள் பயனர் தம் விருப்பத்துக்கு நிரப்பிக்கொள்ள விட்டிருக்கும். "அதுல பாதிகூட நான் நிரப்பல" என்று ஒருமுறை சொன்னார். அப்போது அதை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போனதும் அவருடைய கணினியைத் துடைத்துப் புதியவருக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் எதை எடுத்துவைக்க வேண்டும் என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ட்ராயிங்குகள் எல்லாம் சர்வரில் இருந்தன. மிச்சமிருந்தது அவருடைய மெனு. விண்டோஸில் அது பயனரின் ஆப்டேட்டாவுக்குள், ரோமிங் என்ற கோப்புறைக்குள், மறைந்திருக்கும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். கணினியைத் துடைக்கும்போது பலருடைய பல வருட மெனு போய்விடுவதற்கு இந்த மறைவிடம்தான் காரணம். அங்கே மெனு, டூல்பார் அமைப்பு அடங்கிய ஒரு சி.யு.ஐ.எக்ஸ். கோப்பு இருந்தது. பக்கத்திலேயே அதற்கு மூலமான பழைய எம்.என்.யு. கோப்பையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். 2006 பதிப்பில் மெனு அமைப்பெல்லாம் எக்ஸ்.எம்.எல். ஆகி சி.யு.ஐ. என்ற வடிவத்துக்குப் போயிற்று. 2010-இல் அதுவும் மாறி ஒரு பொட்டலமாக, சி.யு.ஐ.எக்ஸ். ஆயிற்று. அதற்கு முந்தைய எம்.என்.யு. வெறும் டெக்ஸ்ட். நோட்பேடில் திறக்கும். இரண்டு சாய்கோடு போட்டு நம் குறிப்பையும் எழுதிக்கொள்ளலாம். சார் எழுதியிருந்தார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி.

நிறைய இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். இத்தனை வருட அனுபவம், எத்தனை பட்டன் சேர்ந்திருக்கும்! ஆனால் இருந்தது ஒரே ஒரு டூல்பார், அதுவும் குட்டையானது. லைன் இல்லை, சர்க்கிள் இல்லை, டிரிம் இல்லை, மூவ் இல்லை. தனிக் கமாண்டாக ஒன்றுகூட இல்லை. இருந்தவை எல்லாம் பல கமாண்டுகளைக் கோத்த கோவைகள், அதாவது மேக்ரோக்கள்.

ஒன்றை அப்படியே சொல்கிறேன். பெயர் 'அனுப்பு'. முதலில் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தும் ^சி^சி. பிறகு கோப்பைச் சோதிக்கும் ஆடிட், பிழை இருந்தால் சரிசெய்யவா என்ற கேள்விக்கு ஒய். அடுத்து, பயன்படாதவற்றைக் கோப்பிலிருந்து நீக்கும் பர்ஜ், முன்னால் ஒரு சிறுகோடு போட்டு, அதற்கு ஆல், பெயருக்கு நட்சத்திரக்குறி, ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்யவா என்பதற்கு என். பிறகு லேயரை ஜீரோவுக்கு மாற்று. ஜூம் எக்ஸ்டென்ட்ஸ். க்யூசேவ். இடையிடையே அரைப்புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு என்டர். (பி.ஜி.பி.யிலும் ஆட்டோகேட்டுக்கு நிரல் எழுதும் மொழியான லிஸ்ப்பிலும் இதே அரைப்புள்ளி போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு, ஓடாது. ஒரே வீட்டுக்குள் ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுத்த புண்ணியவான் யாரோ.) பர்ஜுக்கு முன்னால் அந்தச் சிறுகோடு இல்லாவிட்டால் டயலாக் பெட்டி திறந்துகொண்டு மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். விளக்கக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: "வெளியே போற ஃபைலுக்கு மட்டும். ரெண்டு தடவை அமுக்கணும்." ஏன் இரண்டு தடவை? பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக வைத்ததுதான் பிளாக். ஒரு பிளாக்குக்குள் இன்னொரு பிளாக் இருந்தால், முதல் பர்ஜில் வெளிப் பிளாக் போகும். அது போன பிறகுதான் உள்ளே இருந்தது யாருக்கும் தேவைப்படாததாகிறது, அடுத்த பர்ஜில் அதுவும் போகும். இதை அவர் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

இன்னொன்று பிளாட்டுக்கு, அதாவது தாளில் அச்சிடுவதற்கு, முன் அழுத்துவது. எல்லா எக்ஸ்ரெஃபையும் (இந்த ட்ராயிங்கோடு இணைத்த வேறு ட்ராயிங்குகளை) ரீலோட் செய்து, திரையைப் புதுப்பிக்க ரீஜென் ஆல் கொடுத்து, அதன் பிறகு பிளாட் பெட்டியைத் திறக்கும். எம்.என்.யு. கோப்பில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு: "கிரிட் மாறினது தெரியாம பிளாட் போச்சு. இனிமே இதை அமுக்கிட்டுதான்." இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன். எந்தத் திட்டம், யார் திட்டு வாங்கியது, எத்தனை தாள் வீணாயிற்று என்றெல்லாம் அதில் இல்லை. ஆனால் ஒரு நாள் நடந்த தவறு மறுபடி நடக்காமல் இருக்க, அதன் பரிகாரத்தை ஒரு பட்டனுக்குள் வைத்துவிட்டார் என்பது புரிந்தது.

அளவு குறிக்கும் டைமென்ஷன் பட்டன் இன்னும் நேர்த்தி. டைமென்ஷனுக்கான லேயரை நடப்பு லேயராக்கும், டிம்லீனியரை ஓட்டும், அதற்குப் பின் மூன்று பின்சாய்கோடுகள். மேக்ரோவில் பின்சாய்கோடு என்றால் நின்று பயனருக்காகக் காத்திரு என்று பொருள். முதல் புள்ளிக்கு ஒன்று, இரண்டாவது புள்ளிக்கு ஒன்று, அளவுக்கோடு உட்கார வேண்டிய இடத்துக்கு ஒன்று. முடிந்ததும் லேயர்பி: பழைய லேயருக்கே திரும்பு. அழுத்துகிறவருக்கு லேயர் மாறியதே தெரியாது. எத்தனை முறை காத்திருக்க வேண்டும் என்று எண்ணி எழுத வேண்டியதுதான் மேக்ரோவின் பலவீனம்: ஒரு பின்சாய்கோட்டுக்கு ஒரு உள்ளீடு. எத்தனை பொருளைத் தேர்ந்தெடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் செலெக்ட் கமாண்டை முன்னால் போட்டுத் தப்பிக்கலாம். அங்கே மட்டும் ஒரே பின்சாய்கோடு தேர்வு முழுக்க முடியும்வரை பொறுத்திருக்கும். சார் இதையும் அறிந்து வைத்திருந்தார்.

அந்த ^சி^சிக்கும் ஒரு கதை உண்டு. டாஸ் காலத்தில் ஓடும் கமாண்டை நிறுத்தக் கன்ட்ரோல் சி. டைமென்ஷனுக்கு அப்போது தனி நிலையே இருந்தது. உள்ளே ஒன்றை நிறுத்தினால் டிம் என்ற வரிக்குத்தான் திரும்புவீர்கள், இன்னொருமுறை நிறுத்தினால்தான் வெளியே வர முடியும். அதனால் இரண்டு. பின்னால் விண்டோஸ் கன்ட்ரோல் சியைக் காப்பிக்கு எடுத்துக்கொண்டது, நிறுத்துவதற்கு எஸ்கேப் வந்தது. மேக்ரோவின் தலையில் மட்டும் அந்த இரட்டைச் சி அசையாமல் நிற்கிறது. இன்றைக்குப் புதிதாக ஒரு கமாண்டைச் சி.யு.ஐ.யில் உருவாக்கினாலும் மென்பொருள் தானே ^சி^சி போட்டுத்தான் கொடுக்கிறது.

நான் படித்துக்கொண்டிருந்தபோது, அவரிடமே பழகிய ஜூனியர் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கணினியிலும் இதே டூல்பாரின் நகல் இருந்தது. "அண்ணா, இந்த அனுப்பு பட்டன் இவ்ளோ செய்யுதா? நான் சேவ் பண்ணத்தான்னு நெனச்சு எல்லா ஃபைலுக்கும் அமுக்கிட்டிருந்தேன்" என்றாள். எல்லாக் கோப்பும் என்றால் வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்பும்தான். பின்னால் தேவைப்படும் என்று கொண்டுவந்து வைத்து, இன்னும் எங்கும் பயன்படுத்தாத பிளாக்குகள், லேயர்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் பர்ஜில் போயிருக்கும். மறுநாள் காணோம் என்று தேடி மறுபடி கொண்டுவந்திருப்பாள். எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு என் கண் முன்னால் உயிரோடு நின்றது. விளக்கக் கட்டத்தில் "வெளியே போற ஃபைலுக்கு மட்டும்" என்று தெளிவாக இருந்தது. மவுஸை அந்தப் பட்டன் மேல் ஒரு நொடி நிறுத்தியிருந்தால் படித்திருக்கலாம். ஆனால் வேகமாக வேலை செய்கிறவர் யார் நிறுத்துவார்?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சாருடைய டூல்பார் வசதிக்காகச் செய்தது அல்ல. அது புகார்ப் பட்டியல். வேலை ஒன்றைக் கேட்டது, மென்பொருளில் அது இல்லை. ஒவ்வொரு பட்டனும் அந்த இடைவெளியின் மேல் போட்ட ஒரு பலகை. இதற்கு ஒரு நல்ல அத்தாட்சி இருக்கிறது. அவர் எழுதிய சில புகார்களுக்கு மென்பொருளே பிற்பாடு பதில் சொல்லிவிட்டது. 2016 பதிப்பில் டிம்லேயர் என்ற சிஸ்டம் வேரியபிள் வந்தது. அதில் லேயர் பெயரைக் கொடுத்துவிட்டால் எந்த லேயரில் இருந்தாலும் டைமென்ஷன் போய்ச் சேர வேண்டிய லேயரில் சேரும். பரப்பைக் கோடுகளால் நிரப்பும் ஹேட்சுக்கு எச்.பி.லேயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஹேட்ச் போட்டு, அதைக் கோடுகளுக்குப் பின்னால் தள்ளும் கோவை ஒன்றும் அவர் கோப்பில் இருந்தது. அதற்கும் எச்.பி.டிராஆர்டர் இருக்கிறது. சார் செய்த பட்டன் செத்துப்போனது என்றால் அவருடைய புகார் நியாயமானது என்று அர்த்தம். ஆனால் 'அனுப்பு' சாகவில்லை. எக்ஸ்ரெஃப் பட்டனும் சாகவில்லை. அவை மென்பொருளின் குறை அல்லவே, இந்த அலுவலகத்தின் வேலை ஒழுங்கு. அதற்கு எந்தப் பதிப்பிலும் பதில் வராது.

ரிப்பன் காலம்

2009 பதிப்பில், பட்டன்களைத் தாவல் தாவலாக மேலே அடுக்கும் ரிப்பன் வந்தபோது எழுந்த கூச்சலை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. மெனுபார் என்ற வேரியபிளுக்கு ஒன்று கொடுத்துப் பழைய மெனுவை மேலே வரவழைத்து, ரிப்பன்குளோஸ் தட்டி ரிப்பனை மூடி, டூல்பார்களைத் திறந்து பழையபடி ஆக்கிக்கொண்டோம். கிளாசிக் என்ற ஆயத்த அமைப்பு ஒன்று கொஞ்ச காலம் இதை ஒரே சொடுக்கில் செய்து தந்தது. 2015-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தது அந்த ஆயத்த அமைப்பை மட்டும்தான், டூல்பார்கள் உள்ளே இருந்தன. ஒருமுறை அடுக்கி வொர்க்ஸ்பேஸாகச் சேமித்துக்கொண்டால் முடிந்தது. ரிப்பன் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் தேடிக் கண்டுபிடிக்க அது நல்லது. தெரிந்தவருக்கு அதன் எரிச்சல் வேறு: ஒரு ஹேட்சைத் தொட்டால் ரிப்பனின் முகமே மாறிவிடும். கை போகும் இடத்தில் நேற்றிருந்தது இன்றில்லை.

இடம் மாறாமல் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000-ஐ நினைத்துக்கொள்ளலாம். அதிகம் பயன்படுத்தாத மெனு வரிகளைத் தானே மறைத்து, பயன்படுத்துபவற்றை மட்டும் காட்டும் மெனு அதில் வந்தது. நம் பழக்கத்தைப் பார்த்து இயந்திரமே மெனுவை அமைத்துத் தந்தால் நல்லதுதானே? ஆனால் பலர் முதல் வேலையாக அதை நிறுத்தினார்கள். நம் கை ஒரு பொருளை அதன் இடத்தை வைத்துத்தான் நினைவில் வைக்கிறது. நாமே ஒருமுறை மாற்றிவிட்டு அப்படியே விட்டால் கை பழகும். இயந்திரம் நமக்காகத் தினமும் மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் பழகாது. சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் எஸ் விசையை அமுக்கினால் கர்சர் இருக்கும் இடத்திலேயே நாம் அமைத்த சிறு பட்டை முளைக்கிறதே, அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஃபிட்ஸ் சொன்ன தூரம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது, அடுக்கும் நாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

யாருடைய மெனு?

சாருடைய கோப்பைத் துடைக்க நான் விடவில்லை. ஆனால் அப்படியே எல்லோருக்கும் பகிரவும் மனமில்லை. அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. மெனு கோப்போடு அதே பெயரில் எம்.என்.எல். கோப்பு இருந்தால் அதிலுள்ள லிஸ்ப் நிரலும் தானாக ஏறி ஓடும். ஆட்டோகேட் லிஸ்ப் வழியே பரவும் நச்சுநிரல்கள் உண்மையாகவே உலவியிருக்கின்றன. 2014-இல் செக்யூர்லோட் என்ற பூட்டு வந்தது அதற்காகத்தான். யாரோ கொடுத்த மெனுவைப் பார்க்காமல் ஏற்றிக்கொள்வது நல்ல பழக்கம் அல்ல, கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஒவ்வொரு மேக்ரோவையும் வாய்விட்டுப் படித்து, என்ன செய்கிறது என்று சொல்ல முடிந்த பிறகே எடுத்தோம். அந்தப் பெண்தான் படித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்காவது தடுமாறினால் பட்டனை ஒரு வெற்று ட்ராயிங்கில் அழுத்தி, எஃப் 2 தட்டி, டெக்ஸ்ட் ஜன்னலில் வரி வரியாக என்ன ஓடியது என்று பார்த்தோம். பட்டன் ஒன்றும் ரகசியம் காப்பதில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் பழைய பட்டன்களில் சிலவற்றைக் கழித்தோம், சிலவற்றுக்குப் பெயர் மாற்றினோம். 'அனுப்பு' இப்போது 'வெளியே அனுப்ப மட்டும்'. நீளமான பெயர்தான், ஐகானும் எடுத்துவிட்டு வெறும் எழுத்தாகப் புல்டவுன் மெனுவில் வைத்தோம். கை தவறி அழுத்த முடியாத தூரத்தில் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே. ஃபிட்ஸ் சொன்னதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம் என்பது அங்கே தோன்றிய யோசனை. அடிக்கடி வேண்டியதைப் பக்கத்தில் வைப்பதுபோல, யோசித்துச் செய்ய வேண்டியதைத் தள்ளி வைக்க வேண்டும். டூல்பார் பற்றிய பேச்சில் வேகம் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மெதுவாக்க வேண்டிய இடங்களும் ட்ராஃப்டிங்கில் நிறைய உண்டு.

மேக்ரோக்களில் கமாண்டுகளுக்கு முன்னால் புள்ளியும் அடிக்கோடும் இல்லாத இடங்களில் சேர்த்தோம். அடிக்கோடு இருந்தால் ஜெர்மன், பிரெஞ்சு என்று எந்த மொழிப் பதிப்பிலும் ஆங்கிலக் கமாண்ட் ஓடும். புள்ளி இருந்தால், யாராவது அந்தக் கமாண்டை அன்டிஃபைன் செய்து வேறு அர்த்தம் கொடுத்து வைத்திருந்தாலும் மூலக் கமாண்டே ஓடும். நம் அலுவலகத்தில் யார் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று கேட்டார்கள். சாருடைய லிஸ்ப் கோப்பிலேயே, பிளாக்கைத் தனிக் கோடுகளாக உடைக்கும் எக்ஸ்ப்ளோடை அன்டிஃபைன் செய்து, "வேணாம், யோசி" என்று எச்சரிக்கும் நிரல் இருந்தது என்று காட்டியதும் பேச்சு நின்றது.

அமைப்பு இப்போது இப்படி இருக்கிறது. அலுவலகம் முழுமைக்கும் ஒரே என்டர்பிரைஸ் கோப்பு, சர்வரில், படிக்க மட்டும். ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் பக்கத்தில் அதன் வழியைக் கொடுத்திருக்கிறோம். யாரும் தங்கள் கணினியிலிருந்து மாற்ற முடியாது. சாரின் கோவைகள் அதில்தான் இருக்கின்றன, விளக்கக் கட்டத்தில் என்ன செய்கிறது என்பதோடு ஏன் என்பதும் எழுதி. அவரவர் சொந்தப் பழக்கத்துக்கு அவரவர் பெயரில் ஒரு பகுதிக் கோப்பு, சி.யு.ஐ.லோடில் ஏற்றிக்கொள்ளலாம், கணினி மாறினால் கையோடு கொண்டுபோகலாம். பி.ஜி.பி.யில் யாரும் தலையிடுவதில்லை. சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரிகிறது. பொதுக் கோப்பில் ஒரு பட்டன் சேர்க்க வேண்டுமென்றால், அது என்ன தொல்லையைத் தீர்க்கிறது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். "லைன் கமாண்டுக்கு ஒரு பட்டன்" என்று கேட்டவரால் அந்த வரியை எழுத முடியவில்லை. அவருடைய சொந்தக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், வைத்துக்கொண்டார்.

இப்போதைக்குத் தீராத வழக்கு ஒன்றுதான். அந்தப் பெண் தானே ஒரு கோவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள்: பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றின் நிறம், கோட்டு வகை, தடிமன் மூன்றையும் பைலேயருக்கு, அதாவது லேயருக்குக் கொடுத்ததையே பின்பற்றும்படி, மாற்றிவிடும். அதற்காகவே செட்பைலேயர் என்ற கமாண்ட் இருக்கிறதே என்றேன். "அது நடுவுல பிளாக்கையும் மாத்தவான்னு கேக்குதுண்ணா. இங்க யாராவது ஒருத்தர் ஆமான்னு குடுத்துடறாங்க, வெளிலேர்ந்து வந்த பிளாக்கெல்லாம் கெட்டுடுது. இதுல அந்தக் கேள்விக்கே வேணாம்னு பதில் போட்டுட்டேன்" என்றாள். தொல்லை என்ன என்று ஒரு வரி கேட்டேன், நான்கு வரி எழுதித் தந்தாள். நான் சரி என்கிறேன். பக்கத்து மேஜைக்காரர், கேள்வி கேட்பதே நல்லதுதான், ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்கிறார். வருகிற திங்கள்கிழமை மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.